இப்போ கேக்குதா?

“இந்தக் குச்சியில வர்ற பேச்சு ஒண்ணும் புரியலீங்க. எல்லாரும் வாய்க்குள்ளயே முனகுறாங்க.”

மலிவாகக் கிடைத்ததென்று, இணையத்தில் படம் பார்க்க டிவியில் நான் செருகியிருந்த ஸ்ட்ரீமிங் குச்சியைத்தான் என் மனைவி இப்படிக் கரித்துக்கொட்டினாள். தினமும் இதே பாட்டு. பொறுக்க முடியாமல் ஒரு ஆடியோ கன்வெர்ட்டர் வாங்கிவந்தேன். டிவி சத்தத்தை அது சுத்தமாக்கிப் பழைய ஸ்பீக்கருக்கு அனுப்பும் என்றார் கடைக்காரர்.

“வாங்குறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“நீ கேக்கணும்னுதானே வாங்கினேன்!”

அவள் சிரிக்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்தேன். “அந்தக் கறுப்பு வயரை எடு.”

பதில் இல்லை.

“உன்னைத்தான்!”

அதற்கும் இல்லை. கோபம் வந்துவிட்டால் அவள் வாயே திறக்க மாட்டாள். நானே தவழ்ந்துபோய் எடுத்து மாட்டினேன்.

எழுந்து படத்தை ஓடவிட்டேன். கதாநாயகி வாயைத் திறந்து கத்தினாள், டிவியிலும் சத்தமில்லை, ஸ்பீக்கரும் மூச்சுவிடவில்லை. குனிந்து பார்த்தால், கன்வெர்ட்டரின் பிளக் தரையில் கிடந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அசடு வழியத் திரும்பினேன். கதாநாயகியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அவள் முகமெல்லாம் மலர்ச்சி.

“அப்பாடா! இப்பத்தாங்க ஒவ்வொரு வார்த்தையும் தெளிவா கேக்குது.”

பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றேன். பிறகு மறுபடியும் டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்து, அவள் பெயரை உரக்கச் சொல்லிக் கூப்பிட்டேன்.

பதில் இல்லை.

இந்த முறை அவளுக்குக் கோபமும் இல்லை.