ஆக்சிஜன் சிலிண்டர் உலை

மனைவி மெர்சி போனபின் வீட்டில் மிஞ்சிய ஆக்சிஜன் சிலிண்டரை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் இரண்டு முனையையும் வெட்டச் சொன்னார் தேவசகாயம்.

"வேற நோயாளி யாருக்காவது ஆவுமே அண்ணாச்சி, இத ஏன் வெட்டச் சொல்லுதிய?"

"நீ வெட்டுடே."

வீட்டுக்குக் கொண்டுவந்து, உள்ளே நெருப்பு தாங்கும் கம்பளியை ஒட்டி, தீமண் பூசி, பக்கவாட்டில் துளையிட்டு கேஸ் பர்னரைப் பொருத்தி அதை உலையாக்கினார். மீன் நறுக்க ஒரு நல்ல கத்தி செய்து தருவதாக மெர்சியிடம் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கென்று வாங்கிப்போட்ட லாரி ஸ்பிரிங் பட்டையை உலைக்குள் வைத்தார். தீயைக் காட்டி கேஸைத் திறந்ததும் உலை உஸ்ஸென்று இரையத் தொடங்கியது. எட்டு மாதம் ராப்பகலாக அவள் தலைமாட்டில் கேட்ட அதே சத்தம். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பட்டை சிவந்தது, மஞ்சளானது, வெளுத்துப் பொறி சிந்தியது. இனி அது கத்திக்கு ஆகாது.

"இரும்பு எரிஞ்சு போவுதுப்பா, மூடிருங்க!" என்று மகள் ஷீபா வாசலிலிருந்து கத்தினாள்.

வால்வில் வைத்த கை திரும்பவில்லை. அன்றைக்கு, மெர்சியின் நாடி பார்த்துக்கொண்டிருந்த நர்ஸும் "மூடிருங்கய்யா" என்றுதான் சொன்னாள். இதே கைதான், சொன்னவுடனே மூடியது.