சாவிக்காரரின் ஆங்கிலம்

“நம்ம பையன் பக்கத்துல இருந்தா களைப்பே தெரியாதாம். அப்படிச் சிரிக்க வெப்பானாம்” என்று மனைவியிடம் தமிழில் மாற்றிச் சொல்லிவிட்டு, சாவிக்காரர் தானும் சிரித்துக் காட்டினார்.

எதிரே உட்கார்ந்திருந்த ஃபோர்மேன் சிரிக்கவில்லை. கடல் தாண்டி வந்திருந்த அந்த மனிதர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

உயரமான கட்டடங்களில் தொங்கு மேடையில் நின்று கண்ணாடி துடைக்கும் வேலைக்குப் போன அவர்களுடைய ஒரே மகன், இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அவன் எப்படி இறந்தான் என்பதைப் பெற்றவர்களிடம் நேரில் சொல்லத்தான், அங்கே அவனை மேற்பார்த்த இந்த ஃபோர்மேன் வந்திருந்தார்.

மொழிபெயர்க்க ஆள் அனுப்புகிறோம் என்று கம்பெனி சொல்லியும் சாவிக்காரர் வேண்டாமென்றுவிட்டார். மகனோடு வேலை செய்த ஒருவன் போனில், “காத்துலதாங்க போயிட்டான். எப்படின்னு மட்டும் அம்மா காதுல விழ வேண்டாம்” என்று அழுதிருந்தான். மறுநாளே அவர் பூட்டுக் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு, மாலை நேர ஆங்கில வகுப்பில் போய் உட்கார்ந்தார்.

“காத்தைப் பத்தின வார்த்தை, வேகத்தைப் பத்தின வார்த்தை. இந்த ரெண்டும்தான் எனக்கு முக்கியம் டீச்சர்.”

“ஏன் பெரியவரே, டி.வி.யில வானிலை வாசிக்கப் போறீங்களா?” என்றது கடைசி பெஞ்சு. அவரும் சேர்ந்து சிரித்து வைத்தார்.

பிரீஸ் என்றால் இளங்காற்று. கஸ்ட் என்றால் குப்பென்று அடிக்கும் ஒரே வீச்சு. ஸ்குவால் என்றால் மழையோடு சுழற்றி அடிப்பது. ஹர்ட்டில் என்றால் தடுக்க முடியாத வேகத்தில் போவது என்று டீச்சர் சொன்னபோது, “கீழ் நோக்கிப் போறதுக்கும் அதைச் சொல்லலாமா?” என்று கேட்டார். சொல்லலாம் என்றார் டீச்சர். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

வீட்டில் மனைவி தையல் மெஷினில் தலையணை உறை தைத்துக்கொண்டிருக்க, அவர் வார்த்தையையும் அர்த்தத்தையும் சத்தமாக உருப்போடுவார். பாய்ந்து ஓடுவதைக் குறிக்கும் ‘டேஷ்’ என்பதற்குக் கட்டிலிலிருந்து கதவு வரை ஓடிக் காட்டி, நிலையில் தோளை இடித்துக்கொண்டார்.

“நல்லா இருக்கு! ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கறவர் சொந்தக் கதவுல முட்டிக்கிறீங்களே” என்று அவள் சிரித்தாள். மகன் போன பிறகு அவள் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

இப்போது ஃபோர்மேன் தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். காலையில் வெறும் பிரீஸ்தான் இருந்தது என்றார்.

“இளங்காத்துதானாம்” என்றார் சாவிக்காரர்.

பிறகு கஸ்ட் வந்தது என்றார் ஃபோர்மேன். ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக. ஒரு பக்கத்துக் கயிறு அறுந்து மேடை சாய்ந்தது. பையன் விளிம்பைப் பிடித்துத் தொங்கியபடி கத்தினான். ஃபோர்மேன் படிக்கட்டில் டேஷ் என்று ஓடினார். கை நீட்டினால் எட்டிவிடும் தூரத்தில் அவன் முகம் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் ஸ்குவால் அடித்தது.

மனைவியின் விரல்கள் நாற்காலியின் கையை இறுகப் பற்றின. ஃபோர்மேனின் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று சாவிக்காரர் நினைத்தார்.

கடைசியாக அந்த வார்த்தையும் வந்தது. ஹர்ட்டில். சொல்லி முடித்ததும் ஃபோர்மேன் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய கைகள் தொப்பியை விட்டு அசையவே இல்லை.

“என்னங்க சொல்றார்?”

சாவிக்காரர் மனைவி பக்கம் திரும்பினார். “லேசாத்தான் காத்து அடிச்சுதாம். கால் வழுக்கிடுச்சாம். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சாம். அவனுக்கே தெரிஞ்சிருக்காதாம்.”

அவள் ஃபோர்மேனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, “அவன் கத்தினானான்னு கேளுங்க” என்றாள்.

கேட்டால் அந்த மனிதர் ஆமென்று தலையாட்டிவிடுவார். தலையாட்டுவதை எந்த மொழியில் மாற்றிச் சொல்வது?

ஃபோர்மேன் பக்கம் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையாகக் கூட்டி, ஆங்கிலத்தில் கேட்டார். “இன்று உங்கள் ஊரில் கஸ்ட் உண்டா?”

ஃபோர்மேன் திகைத்துப்போய் அவரைப் பார்த்தார். பிறகு மெல்ல இடமும் வலமுமாகத் தலையசைத்து, “நோ” என்றார்.

“பார்த்தியா, கத்தவே இல்லையாம்” என்றார் சாவிக்காரர்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

ஃபோர்மேன் விடைபெறும்போது அவள் எழுந்து வாசல்வரை போனாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “பத்திரமாப் போய்ட்டு வாங்க தம்பி” என்றாள். அந்த மனிதர் எதுவும் புரியாமல் பலமுறை தலையாட்டிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

சாவிக்காரர் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். முதுகுச் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் படித்தது வீண்போகவில்லை என்று தோன்றியது. உடனே அப்படித் தோன்றியதற்காக அழுகை வந்தது, அடக்கிக்கொண்டார்.

“நாளைக்கு உங்க அக்கா வருவாங்க. எப்படி ஆச்சுன்னு துருவித் துருவிக் கேப்பாங்க” என்றார். “என்ன சொல்லணும்னு தெரியும்ல?”

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அவர் சொன்னது, நீங்க சொன்னது, ரெண்டுல நீங்க சொன்னதையே சொல்லிடலாங்க.”