கழுவிய கப்பல்

"ஏட்டி, கப்பலை என்ன செய்தே?" தான் செய்த மாதிரிக் கப்பலைப் பார்த்துச் சுதன் அலறினான்.

"ஒரே துரு. வாங்க ஆளு வருதுண்ணு சோப்புப் போட்டுத் தேய்ச்சு வச்சேன்," என்றாள் அவன் மனைவி சிவப்ரியா.

"அது நான் ஸ்பாஞ்சால பெயின்ட் ஒத்தி ஒத்தி உண்டாக்கின துருவாக்கும்! அதிருந்தாத்தான் நிஜக் கப்பலு மாதிரி இருக்கும். மூணு வாரத்து வேலை போச்சு!"

அதற்குள் பகவதியப்பன் வந்துவிட்டார். தாம் இருபது வருடம் வேலை பார்த்த சரக்குக் கப்பலை ஒரு முழ நீள மாதிரியாகச் செய்யச் சொன்னவர். கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு இடத்திலயும் துரு இல்லியே?"

சுதன் இழுத்தான். "அண்ணாச்சி, அது வந்து..."

"ஒரு பொட்டு இருந்தாலும் வேண்டாம்ணு போயிருப்பேன். அந்தக் கப்பல்ல துரு சுரண்டிப் பெயின்ட் அடிச்சதே நான்தானே!"

சுதனுக்குப் போன உயிர் திரும்பியது.

"அண்ணாச்சிக்குத் துரு ஆகாதுண்ணு நான் அப்பவே இவருகிட்ட சொன்னேன்," என்றாள் சிவப்ரியா, கொஞ்சமும் கூசாமல்.