வெடிக்கிற வண்டி

உத்திரமேரூர் மெக்கானிக் தினகரன் பழைய பைக்கை உதைத்தான். அது வெடிக்காமல் சீராக ஓடியது.

“கார்பரேட்டர் பூரா அழுக்குக்கா. கழுவிட்டு பிளக்கையும் மாத்திட்டேன். இப்ப பூனையாட்டம் போவும் பாரு.”

வளர்மதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அய்யய்யோ! அந்தப் பழைய பிளக்கையே போட்டுடுப்பா. முன்ன மாதிரியே டமால் டமால்னு வெடிக்கணும்.”

“இன்னாக்கா பேஜாரு! மாமா ஓட்டற வண்டியைப் போயி கெடுக்கச் சொல்றியே?”

“உங்க மாமா வண்டி இல்லடா, எங்க ஹெட்மாஸ்டர் வண்டி! ரிப்பேருக்கு வுடச் சொல்லிட்டு மீட்டிங் போயிருக்காரு. ஏரிக்கரையாண்ட இது வெடிக்கிற சத்தம் கேட்டாத்தான், ஸ்டாஃப் ரூம்ல கீற ஆறு டீச்சரும் செல்போனைப் பையில போட்டுக்கினு கிளாசுக்கு ஓடுவோம்!”