வாசலில் விட்ட சப்பாத்து

1997 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை. லித்துவேனிய எல்லைக் காடு. காலை எட்டு மணி. பூச்சியத்துக்குக் கீழே இருபத்திரண்டு பாகை.

சப்பாத்து மரக்கட்டையாகியிருந்தது.

அவன் காலை நுழைத்துப் பார்த்தான். குதிக்கால் போகவில்லை.

காட்டு நடுவில் ஒரு சிறிய மரக் கோயில். முந்தைய மாலை, பனியில் வழி தவறி, அவர்கள் இருவரும் இதற்குள் வந்து விழுந்தார்கள். உள்ளே மாதா படம். ஈரச் சப்பாத்தை அவன் வாசலில் கழற்றி வைத்தான். யோசித்துச் செய்யவில்லை.

"வெளியிலையோ விட்டனீங்கள்?" என்றாள் எமில்டா.

பொய்க் கடவுச்சீட்டில் அவள் அவனுடைய மனைவி. பதினொரு நாள் பழக்கம்.

"மாதா இருக்கிறா. எப்பிடிச் சப்பாத்தோடை..."

"நான் பாசையூர்க் கத்தோலிக்கப் பெட்டை, அண்ணை. விடியும்வரைக்கும் சப்பாத்தோடைதான் படுத்தனான். மாதா ஒண்டும் சொல்லேல்லை."

அவன் சிரிக்கப் பார்த்தான். உதடு வெடித்தது.

இடது கால் விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன. கிள்ளினான். வேறு யாரையோ கிள்ளியது போலிருந்தது.

அவள் ஒரு சப்பாத்தைக் கோட்டுக்குள் வைத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அரை மணி நேரம். இளகவில்லை.

விடிந்த பிறகுதான் தெரிந்தது, ரோடு மரங்களுக்கு அப்பால்தான் இருந்தது. இருபது நிமிட நடை. எல்லை கடத்திவிடும் ஏஜென்டின் வான் ஒன்பதரைக்கு வரும். ஐந்து நிமிடம் நிற்கும். பிறகு வராது.

அவன் எழுந்து நின்றான். விழுந்தான்.

அவளுடைய கணவன் ஜெர்மனியில். ஆறு வருடமாகப் பார்க்கவில்லை.

"நீர் போம் தங்கச்சி. நேரம் போகுது."

அவள் சால்வையை அவன் கால்களில் சுற்றிவிட்டுப் போனாள்.

பனி நெரிபடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

ஊரில் ஷெல் வரும்போது ஓடலாம். பங்கருக்குள் குதிக்கலாம். இங்கே ஓட ஒன்றுமில்லை. சத்தமே இல்லை.

கொஞ்சம் கழித்துக் குளிரும் இல்லை.

நித்திரை வந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. தன் பெயரை உரக்கச் சொன்னான். ஊரைச் சொன்னான். அம்மாவின் பெயர் வரவில்லை.

வான் சத்தம். நின்றது. கதவு திறந்தது. யாரோ ஓர் ஆண் கத்தினான். கதவு மூடியது.

வான் போய்விட்டது.

அவன் சுவரோடு சாய்ந்தான். போகச் சொன்னவன் அவன்தான். ஆனாலும் அழுதான்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நாய் குரைத்தது. பல கால்கள் பனியை மிதித்து வந்தன. கதவில் துப்பாக்கியோடு இரண்டு எல்லைக் காவலர்கள்.

அவர்களுக்குப் பின்னால் எமில்டா.

"வான்காரன் காட்டுக்குள்ளை வரமாட்டனெண்டிட்டான். அதுதான் இவங்கடை ஜீப்பை மறிச்சனான்" என்றாள். "கோவிக்காதேங்கோ அண்ணை."

அவனுக்கு இடது காலில் மூன்று விரல்கள் எடுக்கப்பட்டன. மார்ச் ஆறாம் திகதி இருவரும் ஒரே விமானத்தில் கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.