இரண்டாவது கட்டை

எண்பத்தேழாம் வருஷ இடஒதுக்கீட்டு மறியலில் வெட்டிச் சாய்த்த இரண்டு புளியமரங்களின் அடிக்கட்டைகள் நைனார்பாளையம் சாலையோரம் அருகருகே நிற்கின்றன. ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரின் ஜீப்பை அஞ்சலாட்சியும் அறுப்புக்குப் போய்த் திரும்பும் பெண்களும் மறித்திருக்கிறார்கள். அவர்கள் இடுப்பில் செருகிய கதிரறுவாள்களில் மாலை வெயில் மின்னுகிறது. “எறங்கி இந்தக் கட்டையில குந்துங்க. உங்கள எதுத்து நிக்கிறவரும் வந்துகினு இருக்காரு. அமெரிக்காவுல ரெண்டு பேரையும் ஒரே மேடையில வெச்சித்தான் கேள்வி கேக்குறாங்களாம், ரேடியோவுல சொன்னாங்க” என்கிறாள் அஞ்சலாட்சி. “இது இன்னா அமெரிக்காவா?” வேட்பாளர் கூலிங்கிளாஸைக் கழற்றாமல் சிரிக்கிறார். “இல்லீங்க. அங்க கேக்கறதுக்குத் தனியா ஆளு வெச்சிக்கிறாங்க. இங்க நாங்களே கேப்போம்.” ஹாரன் நீளமாக அலறுகிறது. ஒரு பெண்ணும் நகரவில்லை. சாலை வளைவில் அடுத்த ஜீப்பின் ஒலிபெருக்கி கேட்கிறது. அஞ்சலாட்சி மட்டும் ஓரமாகப் போய், இரண்டாவது கட்டையின் புழுதியை முந்தானையால் துடைக்கிறாள்.