ஓர் அடி அபராதம்

பந்தின் மேல் குனிந்து நின்ற விச்சுவின் உதடுகள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன. மட்டையை இறுக்கினான், தளர்த்தினான், இடது காலை அரை விரல் நகர்த்தினான். பந்து மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஏல, அடிக்கியா, இல்ல அதுக்கு ஜாதகம் எழுதுதியா?" என்றார், பின்னால் மட்டையை ஊன்றி நின்ற அண்ணன் அருணாச்சலம்.

"இருங்கண்ணே. முழங்கை சரியா மடங்க மாட்டேங்கு."

சகோதரர்கள் ஜோடியாக ஆடும் கோல்ஃப் போட்டி. ஜோடிக்கு ஒரே பந்து. அண்ணன் ஓர் அடி, தம்பி ஓர் அடி. குறைந்த அடிகளில் எல்லாக் குழிகளையும் முடிக்கும் ஜோடிக்கு வெற்றி. ஜெயித்தவர்களின் பெயரை கிளப் வாசலில் இருக்கும் தேக்குப் பலகையில் பொறிப்பார்கள். கட்கி ராணுவ டிப்போவில் வேலை பார்த்த இவர்களுடைய அப்பாவும் சித்தப்பாவும் அந்தப் பலகையில் இருக்கிறார்கள். பிள்ளைகளின் பெயர் இன்னும் ஏறவில்லை. அது அருணாச்சலத்தின் நெஞ்சில் முள்.

அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. உடம்பு முடியாமல் ஐந்து மாதம் வீட்டோடு கிடந்துவிட்டு இப்போதுதான் மட்டையைத் தொடுகிறார். இந்த வருஷம் விட்டால் இனி இல்லை என்பது அவருக்கே தெரியும்.

காலையில் நடுவர் ப்ரீதி, வயதானவர்கள் பேட்டரி வண்டியில் போகலாம் என்று சொன்னார். ஆனால் வண்டியில் போய் ஜெயித்தால் பலகையில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும். எங்கள் வீட்டுப் பெயருக்கு ஒட்டுப் போட்டுப் பழக்கமில்லை என்று இந்தியில் சொல்லிவிட்டு, அருணாச்சலம் முதுகை நிமிர்த்தி நடக்க ஆரம்பித்தார்.

எதிர் ஜோடியான இனாம்தார் சகோதரர்கள் மர மண்டைகள். ஆட்டத்தில் இவர்களுக்குக் கால் தூசு. ஆனால் பந்தைப் பார்த்தார்கள், அடித்தார்கள், நடந்தார்கள்.

விச்சுவும் ஒரு காலத்தில் அப்படித்தான். யோசிக்கவே மாட்டான், கை தானாக வீசும், பந்து கொடிக்குப் பக்கத்தில் போய் உட்காரும். மட்டைக்கும் பந்துக்கும் நடுவில் மண்டையை நுழைக்காதே என்று அப்பா அடிக்கடி சொல்வார். இப்போது ஏதோ வீடியோக்களைப் பார்த்துவிட்டு முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு என்று பினாத்துகிறான்.

நாலாவது குழியிலேயே ப்ரீதி தாமதத்துக்கு முதல் எச்சரிக்கை கொடுத்தார். பத்தாவதில் இரண்டாவது. மூத்த இனாம்தார், விச்சு முகூர்த்தம் பார்க்கிறாரா என்று மராத்தியில் கேட்டுச் சிரித்தார். அருணாச்சலத்தின் காது மடல் சிவந்தது.

"இறக்கத்துல மளமளன்னு அடிக்கே. மேடு ஏறினாத்தான் உனக்குப் புத்தி கெட்டுப் போகுது," என்று பல்லைக் கடித்தார்.

விச்சு இடுப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசிக் குழி கிளப் வராந்தாவுக்குச் சற்றே கீழே, உயரமான மேட்டில் இருந்தது. வராந்தாவில் டீக் கோப்பையோடு பாதி கிளப் நின்றது. இரண்டு ஜோடியும் சரிசமம். இனாம்தார்கள் ஆடி முடித்து ஒதுங்கிவிட்டார்கள். விச்சுவின் பந்துக்கும் குழிக்கும் நடுவில் நாலே அடி தூரம். உள்ளே தள்ளிவிட்டால் சமன். பிறகு இன்னொரு குழியில் தீர்ப்பு.

விச்சு உட்கார்ந்து சரிவைப் பார்த்தான். எழுந்தான். மறுபக்கம் போய்ப் பார்த்தான். கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினான். ப்ரீதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வராந்தாவில் யாரோ கொட்டாவி விட்டது கீழே வரை கேட்டது.

"அடிச்சுத் தொலை," என்றார் அருணாச்சலம், குரலை அடக்கி.

விச்சு தலையைச் சாய்த்து ஒரு கணம் அசையாமல் நின்றான். அதற்குள் ப்ரீதி கையை உயர்த்திவிட்டார். தாமதத்துக்கு ஓர் அடி அபராதம்; கணக்கில் ஓர் அடி கூடிவிட்டது.

அதன் பிறகு விச்சு அடித்தான். எண்ணவில்லை, முழங்கையைப் பார்க்கவில்லை, குழியைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பந்து நூல் பிடித்த மாதிரி போய் உள்ளே விழுந்தது.

ஓர் அடியில் தோல்வி.

அருணாச்சலம் நடுவருக்கும் இனாம்தார்களுக்கும் முறையாகக் கைகொடுத்தார். தோற்றாலும் அதில் குறை வைக்கமாட்டார். பலகையைக் கடக்கும்போது மட்டும் அதைப் பார்க்காமல் நடந்தார். கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும்தான் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"இப்ப எப்படில போச்சு? முழங்கை இப்ப மடங்கிட்டோ?"

விச்சு காரின் கதவைத் திறந்துவிட்டான்.

"அப்பா பேருக்குக் கீழ நம்ம பேரு ஏற வேண்டிய நாளு. ஊரு சிரிக்க வச்சிட்டே. இனிமே என் கூட ஆட வராத. என் வாசப்படியும் மிதிக்காத."

காலையில் சாங்வி வீட்டிலிருந்து தம்பியின் காரில் வந்தவர், அதில் ஏற மறுத்து ஒரு ரிக்‌ஷாவைக் கைதட்டி நிறுத்தினார். உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

ரிக்‌ஷா கேட்டைத் தாண்டும் வரை விச்சு பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அண்ணன் மனைவி கனகவல்லிக்குப் போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"மதினி, டாக்டர் சொன்ன மாதிரி, ஒவ்வொரு மேட்டுலயும் அண்ணனுக்கு மூச்சு அடங்குற வரைக்கும் நிக்க வச்சிட்டேன்."